வெளிச்சத்தில் ஒரு பங்கு

சண்டிகர் அரசு அருங்காட்சியகம் 1968இல் திறக்கப்பட்டது. பகல் வெளிச்சம் கூரை வழியே இறங்கிக் கூடங்களில் பரவுமாறு லெ கொர்பூசியே அதை வடிவமைத்தார். அங்குள்ள காந்தாரச் சிற்பங்களை நான் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் பார்ப்பதுண்டு. நிழல் நகரும்போதுதான் ஆடை மடிப்புகளின் ஆழம் புலப்படுகிறது.

அதே அருங்காட்சியகத்தின் பஹாரி சிற்றோவியங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. கல் தாங்கும் ஒளியைத் தாளும் சாயமும் தாங்கமாட்டா. இத்தகைய ஓவியங்களுக்குப் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு 50 லக்ஸ். நண்பகல் வெயிலோ 1,00,000 லக்ஸை எட்டும். புறஊதாக் கதிர்களை வடிகட்டினாலும் ஆபத்து குறையுமேயன்றி நீங்காது. 500 லக்ஸில் 1 மணி நேரமும் 50 லக்ஸில் 10 மணி நேரமும் ஏறத்தாழ ஒரே சேதத்தையே விளைவிக்கும். வெளிறிய நிறம் இருளில் ஓய்வெடுத்தாலும் மீளாது.

இதற்காகக் கூரைத் திறப்புகளை அடைத்துவிட வேண்டியதில்லை. சிற்பங்களை வெளிச்சத்திலும் ஓவியங்களை உள்ளறையிலும் வைக்கலாம்; நேர்வெயிலைத் தடுக்கலாம்; பார்வையாளர் இல்லாத வேளையில் திரையிடலாம்; ஓவியங்களைச் சுழற்சி முறையில் காட்டலாம்.

ஆய்வாளர்களாகிய நாம் 'இன்னும் சற்று வெளிச்சம்' என்று கேட்கத் தயங்குவதில்லை. நமக்குக் கிடைக்கும் ஒவ்வொரு மணி நேரமும், நமக்குப் பின் அவ்வோவியத்தைக் காண வருபவரின் பங்கிலிருந்தே கழிகிறது.