குழந்தைகளோட முதல் கூடாரம்: கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு இழை

1/ லீவு நெருங்கிட்டா ஓபியில மருந்துச் சீட்டோட சேத்து இன்னொரு கேள்வியும் வருது. "டாக்டர், யூடியூப்ல பாத்துட்டு புள்ளைக கூடாரம் போட்டுத் தூங்கணும்னு ஒரே அடம். கூட்டிட்டுப் போலாமா? ஒண்ணும் ஆயிராதே?"

தாராளமா போலாம். போறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிருங்க.

2/ இது நமக்குப் புதுசு கிடையாது. கந்த சஷ்டிக்கு திருச்செந்தூர்ல நாள்கணக்கா தங்கி விரதம் இருக்குற குடும்பங்களைப் பாத்திருப்பீங்க. ஆடி அமாவாசைக்கு நெல்லை, தூத்துக்குடி ஜனங்க அண்டா குண்டாவோட காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய், ஆத்தங்கரையில குடில் போட்டுத் தங்குவாங்க. முத்துக்குளிப்பு நடந்த காலத்துல கடற்கரையே முகாம்தான். 1905-ல் மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், இலங்கை மறிச்சுக்கட்டியில மணல் மேல ஓலைக் குடிசையாலேயே ஒரு ஊர் எழும்புச்சு. அதுல ஆஸ்பத்திரியும் இருந்துச்சு. அவ்வளவு பேர் கூடுற இடத்துல காலரா வந்துருமோங்கிற பயம் அப்பவே உண்டு.

3/ அதனால எந்தக் கம்பெனி கூடாரம் வாங்கலாம்னு யோசிக்கிறதை அப்புறம் வச்சுக்கலாம். முதல்ல மூணு விஷயம்: குடிக்கிற தண்ணி, படுக்கிற இடம், அரசு ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம்.

4/ முதல் ராத்திரி உங்க வீட்டு மொட்டை மாடியில. கைப்பிடிச் சுவர் உயரமா இருக்கணும், மாடிப்படிக் கதவைப் பூட்டிக்கணும். சின்னவ இருட்டுக்குப் பயப்படுவாளா, பெரியவன் கொசுக்கடியில தூங்குவானா, என்ன சாமான் மறந்தோம், எல்லாம் அங்கேயே தெரிஞ்சிரும். ராத்திரி ரெண்டு மணிக்கு அழுதா படி இறங்குனா போதும்.

5/ தண்ணி. போற இடத்துல கிடைக்கும்னு நம்பாதீங்க. கொதிக்க வச்சு ஆறுன தண்ணியை வீட்டுலேருந்தே கொண்டு போங்க. ஓஆர்எஸ் பாக்கெட் நாலு எடுத்துக்கங்க. ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுசா ஒரு லிட்டர் தண்ணியிலதான் கரைக்கணும். அரை டம்ளர்ல கொஞ்சமா தட்டிக் குடுக்குறது தப்பு. உப்பு அதிகமாகி பிள்ளைக்கு ஆபத்தாயிரும். கரைச்சது 24 மணி நேரம்தான்.

6/ படுக்கிற இடம். இதுக்காகத்தான் இந்த இழையே.

நைட் டியூட்டி முடியுற நேரம், ஏழு வயசுப் பையன். வயித்து வலி, ரெண்டு தடவை வாந்தி. "ராத்திரி பரோட்டா சாப்பிட்டான் சார், அதுதான்"னு அப்பா சொல்றார். வயிறு மெத்துன்னுதான் இருக்கு. ஆனா கண்ணைத் திறக்கச் சொன்னா இமை பாதிதான் மேல வருது. எச்சில் முழுங்க முடியல. "நேத்து எங்க படுத்தான்?" "வெளியில பாய் போட்டு, எல்லாரும் சேந்துதான் சார்."

7/ கட்டுவிரியன். ராத்திரியில நடமாடும். தரையில தூங்குறவங்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும். பல தடவை வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் தடம்கூடக் கண்ணுக்குப் படாது. விடியக்காலையில வயித்து வலி, அப்புறம் இமை இறங்கும், பேச்சு குளறும், கடைசியில மூச்சு. அந்தப் பையனுக்கு விஷமுறிவு மருந்தும் போட்டு, செயற்கை சுவாசத்துலயும் வச்சோம். பொழச்சு நடந்து வீட்டுக்குப் போனான். இன்னும் ரெண்டு மணி நேரம் "வாயு"ன்னு ஓமத் தண்ணி குடுத்துட்டு இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் எழுத வேண்டியதில்ல.

8/ தடுக்குறது ரொம்ப சுலபம். கூடாரம்னா ஜிப்பை முழுசா மூடுங்க. வெறும் பாய்னா கொசுவலை கட்டி, நாலு பக்கமும் பாய்க்கு அடியில சொருகுங்க. மிச்சச் சாப்பாட்டைப் பக்கத்துல போடாதீங்க. எலி வரும், எலி பின்னாடி பாம்பு வரும். ராத்திரி ஒண்ணுக்கு எந்திரிச்சா டார்ச், செருப்பு.

கடிச்சிட்டா இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க, வாய் வச்சு உறியாதீங்க. அடிபட்ட கையையோ காலையோ அசைக்காம 108-ஐக் கூப்பிடுங்க. விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில இலவசம்.

9/ கடல். காத்து இல்ல, மழை இல்ல, வானம் தெளிவா இருக்கும். திடீர்னு அலை ஏறி வரும். கள்ளக்கடல்னு பேரே அதுக்குத்தான். 2024 மே 6 அன்னைக்கு கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில அலை இழுத்து 5 மருத்துவ மாணவர்கள் இறந்தாங்க. எச்சரிக்கை இருக்கான்னு பாத்துட்டுக் கிளம்புங்க. அந்த ஊர் மீனவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, "அண்ணாச்சி, தண்ணி எதுவரைக்கும் ஏறும்?" அவர் காட்டுற இடத்துக்கும் நல்லா மேல தள்ளிக் கூடாரம் போடுங்க. பொழுது சாஞ்சா பிள்ளைக தண்ணியில கால் வைக்கக் கூடாது.

10/ தூத்துக்குடிக்கு எதிர்ல இருக்குற வான் தீவு மாதிரி தீவுகள்ல தங்கலாமான்னு சிலர் கேக்குறாங்க. அது கடல்சார் தேசியப் பூங்கா. இஷ்டத்துக்குப் போய் இறங்குற இடம் இல்ல. காரையாறும் புலிகள் காப்பகத்துக்குள்ளதான் இருக்கு. வனத்துறை சொல்ற நாள், சொல்ற இடம் மட்டும்தான்.

11/ அடுப்புக்கு மண்ணெண்ணெய் கொண்டு போனா தண்ணி பாட்டில்ல ஊத்தாதீங்க. தாகத்துல பிள்ளை எடுத்துக் குடிச்சிரும். குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, நுரையீரலுக்குள்ள போயிரும். நேரா ஆஸ்பத்திரி.

12/ பயமுறுத்த இதெல்லாம் எழுதல. கரண்ட் போனா அலறுற பிள்ளைகளை நான் தினமும் பாக்குறேன். அப்பா அம்மா ரெண்டு பக்கமும் படுத்திருக்க, போனை ஓரமா வச்சிட்டு, இருட்டுல ஒரு ராத்திரி நட்சத்திரம் பாத்துத் தூங்குற வாய்ப்பு அதுகளுக்குக் கிடைக்கணும். கொசுவலையை மறக்காம எடுத்து வச்சிட்டு, சந்தோஷமா போய்ட்டு வாங்க.