வேப்பமூட்டில் ஒரு புளியமரம்

டவுன் பஸ்ஸில் நடத்துநர் "வேப்பமூடு, வேப்பமூடு" என்று குரல் கொடுத்தால் பாதி பஸ் காலியாகிவிடும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். பள்ளிக்கூடம், சினிமா, தீபாவளித் துணி எல்லாவற்றுக்கும் அங்கேதான் இறங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெயருக்குள் ஒரு மரம் நிற்கிறது என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

தோன்ற வைத்தவர் சென்னை நண்பர். ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் வந்தவர், முகூர்த்தம் முடிந்ததும் பையிலிருந்து சு.ரா. என்கிற சுந்தர ராமசாமியின் நாவல் 'ஒரு புளியமரத்தின் கதை'யை எடுத்தார். "இந்தப் புளியமரம் நின்ன இடத்தைக் காட்டுங்க" என்றார். ஊரில் யாரைக் கேட்டாலும் வேப்பமூட்டைத்தான் காட்டுவார்கள். நானும் அங்கேதான் கூட்டிப்போனேன். நான்கு பக்கமும் ஆட்டோ, பைக், நகைக்கடைப் பலகை, பூங்காவின் மதில். நண்பர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பேரு வேப்பமூடு. கதை புளியமரம். அப்ப நின்னது எது?"

என்னிடம் பதில் இல்லை. சொந்த ஊரைப் பற்றி வெளியூர்க்காரர் கேட்ட கேள்விக்கு முழித்தது உறுத்தியது. அவரை ரயிலேற்றிவிட்ட மறுநாளே தேட ஆரம்பித்தேன்.

முதலில் டீக்கடை. எழுபது தாண்டிய ஒரு பெரியவர் சந்தேகமே இல்லாமல் சொன்னார்: "வேம்புதான் நிண்ணுது. புளியெல்லாம் அவரு கதைக்கு வச்சது, கேட்டியளா?" பக்கத்து பெஞ்சில் இருந்தவர் விடவில்லை. "நீரு கண்டீரா வே? புளிதான். எங்க அப்பா அதுக்க நெழல்ல வண்டி மாட்டை அவுத்துப் போட்டவரு." மூன்றாவதாக ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சமாதானமாக வந்தார்: இரண்டும் நின்றன, ஒன்று முன்னால் போயிற்று, மற்றது பின்னால் போயிற்று. மூன்று பேரில் ஒருவர்கூடத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்லவில்லை. அப்பா சொன்னது, அம்மாவனிடம் கேட்டது, அவ்வளவுதான்.

டீ ஆறிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது, நான் உட்கார்ந்திருப்பது நாவலுக்குள் என்று. அங்கேயும் தாமோதர ஆசான் என்று ஒரு கிழவர் உண்டு. மரத்தின் பழைய வரலாறு முழுக்க அவர் வாயிலிருந்துதான் வருகிறது. கேட்கும் பையன்கள் வாய்பிளந்து நிற்கிறார்கள். ஆசான் சொன்னதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு அவர் சேர்த்தது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அந்தக் கதைசொல்லும் முறையைச் சு.ரா. எந்த நூலகத்திலும் எடுக்கவில்லை. அது இந்த பெஞ்சில் கிடந்தது.

மரத்தை விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்தேன். 'மூடு' என்றால் எங்கள் பக்கத்தில் மரத்தின் அடி, தூர். "தெங்கு மூட்டுல வெள்ளம் விடு" என்று பாட்டி சொன்னால் தென்னைக்கு அடியில் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று அர்த்தம். மலையாளத்திலும் இதே சொல்தான். மதுரைக்காரருக்கு இது மூடிவைக்கிற மூடு; எங்களுக்கு நிழல். முளகுமூடு என்றால் மிளகுக் கொடியின் அடி. கேரள எல்லையில் பனச்சமூடு. திருவனந்தபுரத்தின் நடுவே, தலைமைச் செயலகத்துக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு சந்திப்பின் பெயர் புளிமூடு! நண்பர் கேட்ட மரம் அங்கேயாவது பெயராக நிற்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். பழைய திருவிதாங்கூரில் நாலு பேர் கூடுகிற பல இடங்களுக்கு ராஜா பெயரையோ திவான் பெயரையோ தேடிப்போகவில்லை. எந்த மரத்தடியில் கூடினார்களோ அதுவே இடத்தின் பெயர். மரம் போன பிறகும் பெயர் போகவில்லை. சு.ரா.வின் நாவல் தொடங்குவதே மரம் இல்லாமல் போன பிறகுதான். பெயர் மட்டும் மிஞ்சிய ஒரு சந்திப்பில் நின்றுகொண்டு பின்னோக்கிச் சொல்லப்படும் கதை அது.

சுந்தர ராமசாமி 1931இல் நாகர்கோவிலில் பிறந்தவர். சிறு வயதில் சில ஆண்டுகள் கோட்டயத்தில் கழிந்தன. எட்டு வயதளவில் ஊர் திரும்பினார். பள்ளியில் படித்தது மலையாளம், சமஸ்கிருதம், ஆங்கிலம். தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதே பதினெட்டு வயதுவாக்கில். பிறகு அப்பாவின் துணி வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுதினார். 'சரஸ்வதி' இதழில் சில அத்தியாயங்களாக முகம் காட்டிய 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் முழுப் புத்தகமாக வந்தது. கடைக்காரராக இருந்ததை நான் சும்மா சொல்லவில்லை. மலையையும் வயலையும் பார்த்து மயங்குகிற கண் வேறு. கல்லாவில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிற கண் வேறு. இந்த ஊரில் எந்த மாடியில் ஏறினாலும் மேற்குத்தொடர்ச்சி மலை தெரியும்; ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆடி மாதத்தில் ஆளைத் தள்ளும்; சுற்றிலும் வயல். இவ்வளவு இருக்க, அவர் கண் போய் நின்றது கடைகளுக்கு நடுவே தூசி படிந்து நின்ற ஒற்றை மரத்தில்.

நாவலைத் திரும்பப் படித்தேன், இந்த முறை பென்சிலோடு. மனிதர்களை விட்டுவிட்டு நிலத்தை மட்டும் அடிக்கோடிட்டுக்கொண்டு போனேன். முதலில் புளிக்குளம். மரம் அப்போது குளத்துக்குள் நிற்கிறது. மகாராஜா அந்த வழியாக வரும்போது குளத்தின் நாற்றம் அவர் மூக்கில் ஏறுகிறது. குளம் மண்ணால் நிரப்பப்படுகிறது, மரம் கரையேறுகிறது. இரண்டாயிரத்துக்கும் மேல் குளங்கள் உள்ள மாவட்டம் இது. மழை ஓய்ந்த நாளில் மருந்துவாழ்மலையில் ஏறிப் பார்த்தால் அங்கங்கே கண்ணாடி பதித்த மாதிரி இருக்கும். குளத்தைத் தூர்த்தால்தான் தரை, தரை கிடைத்தால்தான் ரோடு, ரோடு வந்தால்தான் கடை. எங்கள் நகரம் உண்டான வரிசை இதுதான். பாடப்புத்தகம் சொல்லாத நகர வரலாற்றைச் சு.ரா. ஒரு ராஜாவின் மூக்கை வைத்துச் சொல்லிவிட்டார்.

அடுத்தது காற்றாடித் தோப்பு. தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் சவுக்கு என்பார்கள், நாங்கள் காற்றாடி என்போம். காற்று நுழைந்தால் கடல் மாதிரி இரையும் மரம். நாவலில் அந்தத் தோப்பை வெட்டிவிட்டுப் பூங்கா அமைக்கிறார்கள். வேப்பமூட்டில் இன்றும் பூங்கா இருக்கிறது, சர் சி.பி. ராமசாமி அய்யர் பெயரில். சி.பி. 1936 முதல் 1947 வரை திருவிதாங்கூரின் திவான். சுதந்திரம் வந்தது, 1956 நவம்பர் 1 அன்று மாவட்டமே திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்துக்கு வந்தது. பூங்காவின் பெயர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒரு மாலை பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைப் படித்தேன். பக்கத்தில் குழந்தைகள் சறுக்கு மரத்துக்கு வரிசை நின்றார்கள். பூங்கா அவர்களுக்குச் சந்தோஷம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் காற்றாடி இரைச்சல் இல்லாத காற்று அன்றைக்குக் கொஞ்சம் மொட்டையாக இருந்தது.

இனி நண்பரின் கேள்வி. பெயர் வேம்பாக இருக்கும்போது கதை ஏன் புளியாயிற்று? உண்மையிலேயே புளிதான் நின்றிருக்கலாம். அதைத் தீர்த்துவைக்க டீக்கடையால் முடியாது. ஆனால் எழுத்தாளன் ஒரு மரத்தைக் கதாநாயகனாக்கும்போது அது கையில் கிடைத்த மரமாக இருந்தாலும், கதைக்குப் பொருந்தியாக வேண்டுமே. அப்படி யோசித்துப் பார்த்தேன்.

வேம்புக்கு எங்கே போனாலும் மஞ்சள் உண்டு. தூரில் ஒரு கல்லை நட்டால் அம்மன். அரசுக்கும் ஆலுக்கும் மேடை கட்டுவார்கள். புளிக்குப் பொதுவாக அந்த யோகம் கிடையாது. அதன் கணக்கில் எழுதியிருப்பது பேய்தான். ராத்திரியில் அடியில் படுக்காதே என்பார்கள். ஆனால் பகலில் அது இல்லாமல் பிழைப்பு இல்லை. தேங்காய் வறுத்து அரைத்த தீயலுக்குப் புளி வேண்டும், மீன்கறிக்கு வேண்டும், பாத்திரம் துலக்கவும் வேண்டும். சாலையோரப் புளிக்கு வருஷா வருஷம் ஏலம் உண்டு. பக்தி இல்லை, பயம் கொஞ்சம், லாபம் நிறைய. அதனால் அதை யாரும் எதுவாகவும் ஆக்கலாம்: வியாபாரப் போட்டிக்குக் காரணமாக, தேர்தல் பிரச்சினையாக, பத்திரிகைச் செய்தியாக. நாவலில் அந்த மரம் ஆசானின் சாமர்த்தியத்தால் ஒருமுறை கோடரிக்குத் தப்புகிறது. ஆனால் ஆசான் இல்லாத காலத்தில், நகராட்சி அரசியலுக்கும் பஜார் சண்டைக்கும் நடுவே, விஷம் வைத்துக் கொல்லப்படுகிறது. மரம் யாருக்கும் எதுவும் செய்யவில்லை, நின்றது மட்டும்தான். அது வேம்பாக இருந்திருந்தால் விஷம் ஊற்றுகிறவன் கை ஒரு நிமிஷமாவது நடுங்கியிருக்கும். நாவலின் கணக்கு தப்பிப்போயிருக்கும்.

தேடல் இதற்குப் பிறகு வேடிக்கையான இடத்துக்கு இட்டுப்போனது. புளியின் பூர்வீகத்தைப் பார்க்கப் போனால், அது நம் ஊர் மரமே அல்ல, ஆப்பிரிக்கா! இங்கே எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது. தொல்காப்பியமே புளிமரத்துக்கு 'அம்' சாரியை வரும் என்று தனி விதி வைத்திருக்கிறது. புளியங்காய், புளியங்கொம்பு என்று நாம் இன்றும் சொல்வது அந்த வழக்கில்தான். அரபு வியாபாரிகள் இதை இங்கே பார்த்து 'தமர் ஹிந்தி', இந்தியப் பேரீச்சை, என்று பெயர் வைத்தார்கள். அதுவே ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. காற்றாடியும் ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியப் பக்கம் இருந்து வந்ததுதான். வேப்பமூட்டுச் சமாச்சாரத்தில் அசல் ஊர்க்காரன் வேம்பு ஒருவன்தான். அவன் பெயரில் மட்டும் இருக்கிறான், கதையில் இல்லை.

இந்தக் கண்ணோடு எங்கள் மாவட்டத்துப் புத்தக அலமாரியைப் பார்த்தால் வரிசையாக மரங்கள். 1964இல் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு': பனையும் பனையேறியும். 1966இல் புளி. 1990இல் ஜெயமோகனின் முதல் நாவல், பெயரே 'ரப்பர்'. அமேசான் காட்டிலிருந்து வந்து எங்கள் மலையடிவாரத்தை வளைத்துக்கொண்ட மரம். மூன்று மரம், மூன்று காலம், மூன்று விதமான காசு. கள்ளும் கருப்பட்டியும் கொடுத்த மரத்தில் ஏறுகிறவனைச் சமூகம் கீழே வைத்தது. நிழல் கொடுத்த மரத்தைப் பஜார் கொன்றது. பால் கொடுத்த மரம் காட்டையே தின்றது. எழுத்தாளர்கள் கூடிப் பேசித் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. மரத்தை வைத்து இடத்துக்குப் பெயரிட்ட ஊரில், காலத்துக்குப் பெயரிடவும் மரம்தான் கைக்கு வந்திருக்கிறது.

சு.ரா. 2005 அக்டோபரில் அமெரிக்காவில் காலமானார். அவர் புளியமரம் ஆங்கிலத்துக்கும் ஹீப்ருவுக்கும் போயிருக்கிறது. ஹீப்ருவிலும் புளிக்கு ஏறக்குறைய அதே அரபுப் பெயர்தான், 'இந்தியப் பேரீச்சை'. ஆப்பிரிக்காவில் பிறந்து, நாகர்கோவிலில் நின்று, ஜெருசலேம் வாசகனிடம் இந்தியன் என்ற பெயரோடு போய்ச் சேர்ந்திருக்கிறது.

சென்னை நண்பருக்குக் கடைசியில் போன் செய்தேன். நின்றது வேம்பா புளியா என்று இன்னும் தெரியாது என்றேன். "அப்ப இத்தனை நாள் என்ன தேடினீங்க?" என்று சிரித்தார். சொன்னேன்: டீக்கடையில் பேசிய அந்த மூன்று பேரும் போய்விட்டால், அங்கே ஒரு மரம் நின்றது என்று சொல்லக்கூட ஆள் இருக்காது.

உங்கள் ஊர்ச் சந்திப்பின் பெயரிலும் ஒரு மரம் இருக்கும். புளியந்தோப்போ ஆலமரத்துப்பட்டியோ அரசமரத்து ஸ்டாப்போ, ஏதோ ஒன்று. அது எந்தப் பக்கமாக நின்றது என்று சொல்லக்கூடிய கிழவரோ கிழவியோ இன்னும் இருந்தால், இந்த வாரமே போய்க் கேளுங்கள். மாற்றிச் சொன்னாலும் பரவாயில்லை, எழுதி வையுங்கள்.