ஏரியைச் சுற்றி ஒரு ஓட்டம்

கொடைக்கானல் போய் ஏரியைச் சுற்றாமல் திரும்பியவர் உண்டா? சைக்கிளிலோ, குதிரையிலோ, கையில் சோளக்கதிரோடு நடந்தோ ஒரு சுற்று வந்திருப்பீர்கள். நான் ஓடிச் சுற்றினேன். முழுக்க ஓடினேன் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை!

இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது எனக்குச் சர்க்கரை வந்தது. பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிட்டாலும், "பின்னால் திரும்ப வர வாய்ப்பு அதிகம். உடம்பை அசையுங்கள்" என்றார் டாக்டர். அம்மா இன்சுலின் ஊசியோடு படும் பாட்டைப் பார்த்தவள் நான். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் விடியற்காலையில் நடக்க ஆரம்பித்தேன். நடை ஓட்டமாகி, 5 கிலோமீட்டரை 34 நிமிஷத்தில் முடிக்கும் அளவுக்கு வந்தேன். "ரெண்டு பிள்ளை பெத்தவளுக்கு ஓட்டம் எதுக்கு?" என்ற மாமியார்கூட, காலையில் பால் காய்ச்சும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார்.

அந்தத் தைரியத்தில்தான் 2024 ஜனவரியில் ஏரிச்சாலையில் நடந்த 5 கிலோமீட்டர் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். முதல் நாள் சாயங்காலம் குடும்பத்தோடு பஸ் ஏறினோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியதும் வளைவுக்கு வளைவு சின்னவளுக்கு வாந்தி. ராத்திரி தூக்கமே இல்லை.

காலையில் குளிர் பல்லைக் கிட்ட வைத்தது. விசில் ஊதியதும், கூட்டத்தோடு கூட்டமாக நானும் பறந்தேன். முதல் கிலோமீட்டர் 6 நிமிஷம்! மதுரையில்கூட அப்படி ஓடியதில்லை. இரண்டாவது முடிவதற்குள் நெஞ்சு படபடத்து, மூச்சு தொண்டையிலேயே நின்றது.

மதுரை கடல் மட்டத்திலிருந்து 500 அடிகூட இல்லை. கொடைக்கானலோ சுமார் 7,000 அடி. அங்கே காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறையும். உடம்பு அதற்குப் பழக நாட்கள், வாரங்கள் ஆகும். முதல் நாள் ராத்திரி வந்திறங்கி மறுநாள் பறக்க நினைத்தால் எப்படி? குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்து வைத்த எனக்கு இது தோன்றவே இல்லை, பாருங்கள்.

1863இல், மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை உண்டாக்கிய ஏரி இது. நட்சத்திர வடிவம் என்பார்கள். படகில் போகிறவர்களுக்கு அது அழகு. ஓடுகிறவளுக்கு ஏமாற்று வித்தை! பந்தயம் முடியும் இடத்துப் பந்தல் தண்ணீருக்கு அப்பால் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். சாலையோ ஒரு மடிப்புக்குள் புகுந்து, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகும். மூன்றாவது மடிப்பில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நடந்தேன். அறுபது வயது இருக்கும் ஓர் அம்மா, நிதானமாக என்னைத் தாண்டிப் போனார்.

41 நிமிஷம். பந்தலருகே பெரியவள் கேட்டாள்: "ஏம்மா நடந்து வர்றே?"

பதில் சொல்ல முடியாமல் புல்தரையில் உட்கார்ந்தேன். இவர் தேநீர் வாங்கி வந்து, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார். வெயில் வந்ததும் அதே சாலையில் பிள்ளைகளோடு இன்னொரு சுற்று நடந்தோம். தண்ணீர்மேல் பனி புகையாக எழும்புவதை அப்போதுதான் பார்த்தேன். காலையில் பார்த்ததெல்லாம் கைக்கடிகாரத்தைத்தான்.

திரும்பும்போது வத்தலக்குண்டில் மலைவாழைப்பழம் வாங்கினோம். "அடுத்த வருஷம்?" என்றார் இவர்.

"ஒரு வாரம் முன்னாடியே வரணும். ரூம் வாடகைக்கு இப்பவே பணம் சேர்த்து வையுங்க" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அன்று முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது.