தொப்பிக்குள் கை

கிறிஸ்மஸுக்கு மறுநாள் இங்கிலாந்தில் குதிரைகள் மீண்டும் ஓடத் தொடங்கிவிடும். டிசம்பர் 26 அன்று லண்டனை ஒட்டிய கெம்ப்டன் பார்க்கில் கிங் ஜார்ஜ் சேஸ். அடுத்த நாள் வேல்ஸில் செப்ஸ்டோ திடலில் வெல்ஷ் கிராண்ட் நேஷனல். கடலுக்கு அந்தப் பக்கம் அயர்லாந்தில், லெப்பர்ட்ஸ்டவுனில் நான்கு நாள் திருவிழா. இவை போக வெதர்பி, வின்கான்டன் என்று ஊருக்கு ஊர் பந்தயம், எல்லாம் வேலி தாண்டும் பந்தயங்கள். இது வார இறுதியோடு சேர்ந்துகொண்டால் பத்திரிகைகளில் ரேஸ் பக்கங்கள் மட்டும் தனிப் புத்தகம் அளவுக்குப் பெருத்துவிடும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒரு பத்தி இருக்கும்: இன்ன குதிரை ஜெயிக்கும், இன்ன காரணத்தால்.

அந்தக் காரணங்கள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. கிண்டி வழியாக மின்சார ரயிலில் போய் வந்துகொண்டிருந்த காலத்தில் ரேஸ் டிப்ஸ் என்றால் காதோடு காதாகச் சொல்லப்படும் ஒரு பெயர், அவ்வளவுதான். லாயத்தில் வேலை பார்ப்பவர் சொன்னாராம், ஜாக்கிக்கு வேண்டியவர் சொன்னாராம். ஏன் அந்தக் குதிரை என்று யாரும் கேட்டதில்லை. லண்டனில் நான் படிக்கத் தொடங்கிய பத்திகளோ வாதாடின. போன முறை இரண்டு குதிரை நீளத்தில் தோற்ற குதிரை, இந்த முறை தன்னை வென்றதைவிட ஏழு ராத்தல் குறைவாகச் சுமக்கிறது. செவ்வாய்க்கிழமையிலிருந்து மழை. ஈரத் தரையில் இது தோற்றதே இல்லை. இந்த வாதாடும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன்.

முதலில் டிப்ஸ் சொன்னவர்களைத் தேடினேன். அந்த வழியில் போகும் யாருக்கும் முதலில் எதிர்ப்படுபவர் ராஸ் பிரின்ஸ் மோனலூலூ. கரீபியன் தீவொன்றில் பிறந்து, அபிசீனிய இளவரசன் என்று சொல்லிக்கொண்டு, தலையில் தீக்கோழி இறகுகளோடு இங்கிலாந்தின் பந்தயத் திடல்களில் உறைக்குள் பெயர் எழுதி விற்றவர். 1920-ஆம் ஆண்டு டெர்பியில் ஸ்பியான் காப் என்ற குதிரையைச் சொல்லி, அது ஜெயித்து, ஒரே நாளில் நாடறிந்தவரானார். அவர் வாழ்க்கை சுவையானதுதான். ஆனால் அவருடைய உறைக்குள் இருந்தது பெயர் மட்டுமே. நான் தேடியது அது இல்லை.

1859-இல் தொடங்கிய 'ஸ்போர்ட்டிங் லைஃப்' பழைய இதழ்களைப் புரட்டியபோதுதான் வழி தெரிந்தது. எந்தக் காரணம் எழுதப்பட்டிருந்தாலும் அது கடைசியில் ஓர் எண்ணைத் தொட்டு நின்றது. குதிரைப் பெயருக்குப் பக்கத்தில், ஸ்டோனும் ராத்தலுமாக அச்சிடப்பட்ட எடை. ஸ்டோன் என்பது 14 ராத்தல். பத்தி எழுதுபவர் குதிரையோடு பேசவில்லை, அந்த எடையை எழுதியவரோடு வழக்காடுகிறார் என்று அன்றைக்குப் பிடிபட்டது.

அது என்ன எடை என்பதை விளக்கிவிடுகிறேன். ஹேண்டிகேப் பந்தயத்தில், நல்ல குதிரைக்கு அதிகச் சுமையும் சுமாரான குதிரைக்குக் குறைந்த சுமையும் ஏற்றுவார்கள். எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் முடிவுக்கோட்டைத் தொட வேண்டும் என்பது, எடை போடும் அதிகாரியின் கனவு. மூன்று மைல் தூரத்துக்கு ஒரு ராத்தல் ஏறக்குறைய ஒரு குதிரை நீளம் என்பது கணக்கு. கெம்ப்டனில் சேணம் கட்டும் இடத்தில் வேலியோரம் நின்றால் இந்தக் கணக்கைக் கண்ணால் பார்க்கலாம். சேணத்துக்கு அடியில் விரிக்கும் துணியில் இரண்டு பக்கமும் பைகள் இருக்கும். ஜாக்கியும் சேணமும் சேர்ந்து எடை குறைவாக இருந்தால், அந்தக் குறைவுக்கு ஈயத் தகடுகளைப் பைகளில் செருகியிருப்பார்கள். பயிற்சியாளரின் ஆள் அந்தத் துணியைக் குதிரையின் தோளை ஒட்டிப் போட்டு, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்குகிறதா என்று உள்ளங்கையால் நீவிப் பார்ப்பார். சாம்பல் நிறத்தில், கை அகலமே உள்ள தகடுகள். பத்திகளில் நான் படித்த ஏழு ராத்தல் அதுதான்.

எடை போடுவதைத் தனிக் கலையாக்கியவர் அட்மிரல் ஹென்றி ஜான் ரௌஸ். கடற்படையை விட்டுவந்து, 1850-இல் பந்தயச் சட்டங்கள் பற்றிப் புத்தகம் எழுதி, 1855-இல் பொது ஹேண்டிகேப்பராகப் பொறுப்பேற்றவர். எந்த வயதுக் குதிரை எந்த மாதத்தில் எவ்வளவு சுமக்கலாம் என்ற அட்டவணை அவர் வகுத்துத் தந்தது. ஆனாலும் அவர் மூலவர் இல்லை. அவருக்கு முன்பே, 1791-இல் ஆஸ்காட்டில் ஓட்லண்ட்ஸ் என்ற பெரிய ஹேண்டிகேப் நடந்து, வேல்ஸ் இளவரசரின் பாரனெட் என்ற குதிரை வென்றிருக்கிறது. அதற்கும் முன்னால், ஜான் பாண்ட் என்பவர் வெளியிட்ட பந்தய நாள்காட்டியில், இரண்டு குதிரைகளை மோதவிடும் ஒரு முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. மூன்று பேர் ஒரு தொப்பியில் சமமாகப் பணம் போடுவார்கள். இருவர் குதிரைக்காரர்கள். மூன்றாமவர் எந்தக் குதிரை எவ்வளவு சுமக்க வேண்டும் என்று சொல்வார்.

தொப்பி எதற்கு? இந்தக் கேள்வி என்னைக் குதிரைகளிடமிருந்து சாராயக் கடைக்குக் கொண்டுபோய்விட்டது. 1660 செப்டம்பர் 18 அன்று சாமுவேல் பீப்ஸ், லண்டன் வுட் தெருவில் மைட்டர் என்ற மதுக்கடையில் நண்பர்களோடு இருந்தபோது ஹேண்டிகேப் என்ற விளையாட்டைக் கண்டதாகவும், அதற்கு முன் தனக்குத் தெரியாத அது நன்றாக இருந்ததாகவும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதில் குதிரையே இல்லை, பொருள் மாற்றும் விளையாட்டு அது. என் கடிகாரத்தை நீ கேட்கிறாய், உன் கத்தியைத் தருகிறேன் என்கிறாய். இரண்டும் சமமில்லை. மூன்றாவது ஆள் ஒருவர், கத்திக்காரர் மேற்கொண்டு இவ்வளவு பணம் தர வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வார். மூவரும் முன்னதாகவே ஒரு தொகையைத் தொப்பியில் போட்டிருப்பார்கள். தீர்ப்பைக் கேட்டதும் பொருளுக்குரிய இருவரும் தொப்பிக்குள் கைவிட்டு ஒரே நேரத்தில் வெளியே எடுத்து விரிப்பார்கள். கையில் காசு இருந்தால் சம்மதம், வெறும் கையென்றால் மறுப்பு.

நம் மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி உடனே மனத்தில் வந்துவிடும். ஆனால் இங்கே முக்கியமானது தொப்பிப் பணம் யாருக்குப் போகிறது என்பது. இருவரும் சம்மதித்தால் அது தீர்ப்புச் சொன்னவருக்கு. இருவரும் மறுத்தாலும் அவருக்கே. ஒருவர் சம்மதித்து மற்றவர் மறுத்தால், சம்மதித்தவருக்கு. அதாவது, தீர்ப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் நடுவர் பணத்தை இழப்பார். அவரை நேர்மையாக வைத்திருப்பது அவருடைய சொந்த ஆதாயம். எவ்வளவு எளிய ஏற்பாடு, எவ்வளவு கூர்மையான மூளையில் உதித்தது என்று வியந்து நின்றேன்.

இதன் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் வில்லியம் லாங்லண்ட் எழுதிய 'பியர்ஸ் பிளவ்மன்' காவியத்தில் ஒரு மதுக்கடைக் காட்சி. செருப்புத் தைக்கும் கிளெமன்ட்டின் மேலங்கிக்கும் ஹிக் என்பவனின் தலைமூடிக்கும் பரிமாற்றம். விலை ஒத்துவராமல், கயிறு திரிக்கும் ராபினை நடுவராக எழுப்புகிறார்கள். அந்த ஹிக்கின் தொழில், சத்திரத்துக் குதிரைகளைப் பார்த்துக்கொள்வது! அந்த மேலங்கி கடைசியில் ஹிக்குக்குத்தான் போகிறது.

வேலி தாண்டும் பந்தயத்துக்கு இது எப்படி வந்து சேர்ந்தது? அதன் பிறப்பு வேறு. 1752-இல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் ஓ'கல்லகன், பிளேக் என்ற இருவர் பட்டவன்ட் ஊர் மாதா கோயிலிலிருந்து டோனரெய்ல் ஊர் மாதா கோயில் கோபுரம் வரை, ஏறக்குறைய நாலரை மைல், குறுக்கே வந்த சுவர், ஓடை எல்லாவற்றையும் தாண்டிக் குதிரையில் பாய்ந்தார்கள் என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படும் தொடக்கம். அங்கே எடை என்ற பேச்சே இல்லை. 1839-இல் லிவர்பூலுக்குப் பக்கத்தில் எய்ன்ட்ரியில், பின்னாளில் கிராண்ட் நேஷனல் என்று பெயர் பெற்ற பந்தயத்தை லாட்டரி என்ற குதிரை வென்றபோதும் எல்லாக் குதிரைகளுக்கும் ஒரே சுமை, 12 ஸ்டோன். ஆனால் லாட்டரி மிக நல்ல குதிரை. 1841-இல், செல்ட்டன்ஹாம் ஸ்டீப்பிள்சேஸில் வென்ற குதிரை 18 ராத்தல் கூடுதலாகச் சுமக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அப்படி வென்றிருந்தது லாட்டரி ஒன்றுதான். 13 ஸ்டோன் 4 ராத்தல் சுமந்து அது பாதியில் நிறுத்தப்பட்டது. இரண்டு வருடம் கழித்து, 1843-இல், எட்வர்ட் டாப்ஹாம் என்பவர் அந்தப் பந்தயத்தையே ஹேண்டிகேப்பாக மாற்றினார். மதுக்கடைத் தொப்பியும் மாதா கோயில் கோபுரமும் சந்தித்த இடம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இந்த முறை எவ்வளவு தூரம் தாங்கும் என்று சோதித்தது ஆர்க்கிள். டாம் டிரீப்பர் பயிற்றுவித்து பேட் டாஃப் ஓட்டிய ஐரிஷ் குதிரை. 1964 முதல் 1966 வரை மூன்று வருடமும் செல்ட்டன்ஹாம் கோல்ட் கப் அதற்கே. அதற்கு நியாயமான எடை போட்டால் மற்ற எல்லாம் அடிமட்ட எடைக்குப் போய்க் குவிந்துவிடும். அதனால் அயர்லாந்தில் விதியையே மாற்றி, ஆர்க்கிள் ஓடினால் ஒரு பட்டியல், ஓடாவிட்டால் இன்னொன்று என்று இரண்டு எடைப் பட்டியல் போட்டார்கள். 1964 ஐரிஷ் கிராண்ட் நேஷனலை 12 ஸ்டோன் சுமந்து, தன்னைவிட 30 ராத்தல் குறைவாகச் சுமந்த ஹைட் ஓ'ஃபேஷனைத் தோற்கடித்து வென்றது ஆர்க்கிள்.

அது தோற்ற ஒரு பந்தயமே எனக்கு அதிகம் சொல்லித் தந்தது. 1966 நவம்பரில் நியூபரியில் ஹென்னெஸி கோல்ட் கப். ஆர்க்கிளுக்கு 12 ஸ்டோன் 7 ராத்தல். அதைவிட 35 ராத்தல் குறைவாகச் சுமந்த ஸ்டால்பிரிட்ஜ் கலனிஸ்ட் அரை நீளத்தில் முந்தியது. அன்றைக்கு ஆர்க்கிள் மங்கிவிட்டது என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அடுத்த மார்ச்சில், எல்லாக் குதிரையும் சம எடை சுமக்கும் செல்ட்டன்ஹாம் கோல்ட் கப்பில் அதே ஸ்டால்பிரிட்ஜ் கலனிஸ்ட் இரண்டாவதாக வந்தது. 35 ராத்தல் சலுகை பெறவேண்டிய குதிரையே இல்லை அது! நியூபரியில் பிசகியது எடைப் பட்டியல்தான். முன்னோட்டம் எழுதுபவர் பந்தயத்துக்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டியது இந்த மாதிரிப் பிசகைத்தான்.

அதைத் தொழிலாகவே செய்து காட்டியவர் ஃபில் புல். கணித ஆசிரியராக இருந்தவர். கடிகாரத்தை வைத்துக் குதிரைகளின் ஓட்ட நேரத்தை அளந்து, 1948-இல் ஹாலிஃபாக்ஸில் டைம்ஃபார்ம் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் ஆர்க்கிளுக்குக் கொடுத்த 212 என்ற மதிப்பெண்ணை இன்றுவரை எந்தத் தடை தாண்டும் குதிரையும் எட்டவில்லை.

சென்னைக்கும் இந்த வழக்கில் பங்கு உண்டு, நிஜ வழக்கு. கிண்டியில் வேலி தாண்டும் பந்தயம் இல்லை, சமதள ஓட்டம்தான். 1974-இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஜனவரியில் லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் தீர்ப்பு வந்தது. குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது, வெறும் அதிர்ஷ்ட விளையாட்டு இல்லை என்றார்கள் நீதிபதிகள். குதிரையின் வேகம், தாக்குப்பிடிக்கும் சக்தி, பயிற்சி, ஜாக்கியின் திறமை என்று அவர்கள் எடுத்துச் சொன்னவை எல்லாம் நல்ல முன்னோட்டப் பத்தியில் வருபவைதான். ரேஸ் என்ற சொல்லே ஆகாத வீட்டில் வளர்ந்தவன் நான். ரேஸில் சொத்தை இழந்த குடும்பங்களை அறிவேன், அந்த வெறுப்பு நியாயமானது. ஆனாலும் காரணம் சொல்லும் பத்தியையும் காதில் ஓதும் பெயரையும் ஒன்றாக எண்ணக்கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு.

இந்தக் கிறிஸ்மஸ் வார இறுதிப் பட்டியலை இப்போது நான் படிக்கும் வரிசையே மாறிவிட்டது. கிங் ஜார்ஜ் ஹேண்டிகேப் இல்லை, அங்கே சிறந்த குதிரை எது என்று மட்டும் பார்த்தால் போதும். டெசர்ட் ஆர்க்கிட் நான்கு முறையும் காடோ ஸ்டார் ஐந்து முறையும் வென்ற பந்தயம் அது. நான் அதிக நேரம் செலவிடுவது செப்ஸ்டோ பட்டியலில். அங்கே எடைகள் பல நாள் முன்னதாகவே எழுதப்பட்டுவிடும். அதற்குப் பிறகு ஒரு குதிரை வேறெங்கோ ஜெயித்தால், புதிதாக மதிப்பிடாமல் குறிப்பிட்ட சில ராத்தல்களைத் தண்டனையாகச் சேர்ப்பார்கள். பத்து நீளத்தில் ஜெயித்த குதிரைக்கு ஐந்து ராத்தல் மட்டும் ஏறினால், மிச்சம் ஐந்து அதற்கு லாபம். அதோடு, இத்தனை திடல்களில் பந்தயம் நடக்கும் நாட்களில் அதிக எடை போடப்பட்ட குதிரையை அதன் பயிற்சியாளர் வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடலாம். அப்போது அடுத்த குதிரையின் எடை உச்சிக்கு ஏறும், மற்றவையும் அதே அளவு கூடும். தகுதிக்கு மேல் சுமக்க வேண்டியிருந்த அடிமட்டக் குதிரைகள் சரியான எடைக்கு வந்துவிடும். அப்படி ஒரு குதிரையைக் குறித்து வைத்திருக்கிறேன். மூன்றே முக்கால் மைலையும் தாண்டும் தூரம், சேற்றுத் தரை, இரண்டையும் முன்பே தாங்கிக் காட்டியது. பெயரை இன்னும் எழுதவில்லை. இறுதிப் பட்டியல் வர வேண்டும், காலையில் திடல் பொறுப்பாளர் தரையில் கோலை ஊன்றிப் பார்த்துச் சொல்லும் ஈரக் கணக்கும் வர வேண்டும்.