எட்டு வட்டுகளும் ஒரு கம்பியும்

பெங்களூரு பிரேசர் டவுனில், மாஸ்க் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில், ஒரு வீட்டின் மாடியறையில் எட்டு வன்வட்டுகள் கொண்ட சர்வர் ஒன்று இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கட்டியவர் கணினித் துறையைச் சேர்ந்தவர் அல்லர். ஓய்வுபெற்ற தமிழ் விரிவுரையாளர். கண்டோன்மென்ட் பகுதித் தமிழர்களின் வீட்டுக் காகிதங்களைப் படியெடுத்துச் சேர்ப்பதைப் பல ஆண்டுகளாகத் தம் பணியாகக் கொண்டிருக்கிறார்.

வீட்டுக் காகிதங்கள் என்றால் நூலகங்கள் வாங்காதவை: திருமண அழைப்பிதழ்கள், நாடக நோட்டீசுகள், சீட்டுக் கணக்கு நோட்டுகள், சங்கங்களின் ஆண்டு மலர்கள், வெளியூரில் வேலைபார்த்தவர்கள் எழுதிய அஞ்சலட்டைகள். 1809ஆம் ஆண்டு பெங்களூரில் ஆங்கிலேயரின் படைமுகாம் அமைந்தபோது, மதராஸ் படையோடும் அதற்குப் பின்னும் தமிழ் பேசுவோர் பெருந்திரளாக இங்கு வந்து குடியேறினர். 1898இல் நகரைப் பிளேக் தாக்கியது. நெரிசலான குடியிருப்புகளுக்கு மாற்றாக, அகன்ற தெருக்களோடு புதிய விரிவாக்கங்கள் உருவாயின. அவற்றுள் ஒன்றே பிரேசர் டவுன். அரசு ஏடுகளில் இப்போது அதன் பெயர் புலிகேசி நகர். இந்த வரலாற்றைப் படைத்துறை ஆவணங்கள் ஒரு வகையாகச் சொல்கின்றன. டிரங்குப் பெட்டிகளில் கிடந்த காகிதங்கள் வேறு வகையாகச் சொல்கின்றன.

அவர் காகிதங்களை வாங்கி வைத்துக்கொள்வதில்லை. படியெடுத்துவிட்டு உரியவர்களிடமே திருப்பித் தந்துவிடுவார். அந்த நாணயத்தால்தான் பல வீடுகளின் கதவு அவருக்குத் திறந்தது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் அவ்வீடுகள் பலவற்றை இடித்து அடுக்குமாடிகள் எழுப்பினார்கள். சாமான்களை ஒழித்தபோது காகிதங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. இப்படி மூலம் அழிந்த ஒவ்வொன்றையும் அவர் ஒரு நீளக் கணக்கு நோட்டில் பெயரிட்டுக் குறித்து வருகிறார். அந்தப் பட்டியலில் உள்ளவற்றுக்கு மாடியறைச் சர்வரைத் தவிர வேறு இருப்பிடம் கிடையாது.

சர்வர் தேவைப்பட்டதற்குக் காரணம் எளிய கணக்கு. ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை அங்குலத்துக்கு 400 புள்ளிகள் என்ற அளவில் வண்ணத்தில் படியெடுத்து, சுருக்காமல் வைத்தால் அது ஏறத்தாழ 46 எம்பி இடம் பிடிக்கும். ஒரு லட்சம் பக்கம் சேர்ந்தால் 4.6 டிபி ஆகிவிடும். முதியவர்களின் நேர்காணல் ஒலி, ஒளிப்பதிவுகளையும் சேர்த்தால் 8 டிபி. பொதுவுடைமையான அச்சுநூல்களை இணையத்தில் ஏற்றிவிடலாம். ஒரு குடும்பத்தின் கடிதங்களை அப்படி ஏற்ற இயலாது. இணையச் சேமிப்புக்கு மாதந்தோறும் வாடகை செலுத்துவதும் ஓய்வூதியக்காரருக்கு நெடுநாள் தாங்காது.

ஆகவே எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் பழைய கேபினட்டும் போர்டும் வாங்கி, 4 டிபி வன்வட்டுகள் எட்டினை ஒரே நாளில் பொருத்தினார். அவற்றின் மேல் இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமை. எட்டு வட்டுகளில் இரண்டின் அளவு இடத்தை ஈட்டுக் கணக்குக்காக ஒதுக்கும் ஏற்பாடு அதில் உண்டு. எந்த இரண்டு வட்டுகள் செத்தாலும், எஞ்சிய ஆறிலிருந்து அனைத்தையும் கணக்கிட்டு மீட்டுவிடலாம். மலிவான பல வட்டுகளைச் சேர்த்து ஒரு நம்பகமான சேமிப்பகமாக்கலாம் என்ற கருத்தை 1988இல் பெர்க்லியின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் எழுதிய கட்டுரை பரவலாக்கியது. ரெய்டு என்ற பெயர் அதிலிருந்து வந்தது. இசட்.எஃப்.எஸ். அதற்கு மேலும் ஒரு படி செல்கிறது. எழுதப்படும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்து வைக்கிறது. பிறகு படிக்கும்போது எண் பொருந்தவில்லையெனில், வட்டு தருவது பிழை என்று கண்டு, ஈட்டுக் கணக்கைக் கொண்டு திருத்திக்கொள்கிறது. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும்படி அதை அமைத்துக்கொள்ளலாம். ஓலைச்சுவடிகளை எடுத்துத் தூசு தட்டி, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்கும் வேலையைப் போன்றது இது.

அப்படி ஒரு மாதாந்தரச் சரிபார்ப்பின்போதுதான், நள்ளிரவில், இரண்டு வட்டுகள் ஒன்றாகக் காணாமற்போயின. காலையில் திரையைப் பார்த்தபோது எட்டில் ஆறே எஞ்சியிருந்தன. ஈட்டுக்கான இரண்டும் செலவாகிவிட்ட நிலை. இனி ஒன்று போனாலும் சேமிப்பகம் முழுவதும் போகும்.

மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றும் தம்பி மகன் அன்று மாலை வந்து பார்த்தார்.

“ரெண்டு டிஸ்கும் போயிடுச்சு அத்தை. புதுசு ரெண்டு வாங்கிப் போட்டுடலாம். ராத்திரியே ரீபில்டு ஆரம்பிச்சுடும்.”

“போயிடுச்சுன்னு எப்படிப்பா சொல்ற?”

“லிஸ்ட்ல இல்லையே.”

“வீட்டுல விளக்கு எரியலன்னா பல்புதான் போயிருக்கணும்னு இல்லையே.”

இந்த உரையாடலுக்குள் இருக்கும் தேர்வு சிறியதன்று. புது வட்டைப் போட்டால் சர்வர் மற்ற ஆறு வட்டுகளையும் பல மணி நேரம் இடைவிடாமல் படித்து, காணாமற்போன பகுதியைக் கணக்கிட்டு எழுதும். வட்டுகளுக்கு அதைவிடக் கடுமையான வேலை கிடையாது. கோளாறு வட்டில் இல்லாமல் வேறெங்கோ இருக்குமானால், அந்தக் கோளாற்றின் மேலேயே மிகப் பெரிய சுமையை ஏற்றியதாகும். அப்போது மூன்றாவது வட்டும் விழக்கூடும். வீட்டுச் சேமிப்பகங்கள் அழிந்த கதைகளில், முதல் பழுதைவிட அவசரப் பழுதுபார்ப்பு செய்த சேதமே பெரிதாக இருப்பதுண்டு.

அவர் முதலில் செய்தது பழுதுபார்ப்பே அன்று. பெரிய வெளிவட்டு ஒன்றை வாங்கி வந்து, நீளக் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மூலம் அழிந்தவற்றை முதலில் படியெடுக்கத் தொடங்கினார். அதன் பின் நேர்காணல்கள். மூலம் இன்னும் உயிரோடு இருப்பவை கடைசியில். அவசரம் இல்லாத வேகத்தில் ஓடவிட்டதால் இது இரண்டு நாளுக்கு மேல் நீண்டது. அதுவரை கேபினட்டை யாரும் தொடவில்லை.

படியெடுத்து முடிந்ததும் சர்வரை முறையாக நிறுத்தி மீண்டும் இயக்கினார்கள். காணாமற்போன இரண்டு வட்டுகளும் ஒன்றும் நடவாததுபோல் திரும்பி வந்தன. ஒவ்வொரு வன்வட்டும் தன் உடல்நிலைக் குறிப்பைத் தானே எழுதி வைத்திருக்கும். அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். அதில் 5ஆம் எண், பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகளின் கணக்கு. 197ஆம் எண், படிக்க இயலாமல் ஐயத்தில் நிற்கும் பகுதிகளின் கணக்கு. இவ்விரண்டும் ஏறினால் வட்டின் தகடே கெடுகிறது என்று பொருள். 199ஆம் எண் ஏறினால் தகவல் கம்பியையோ அதன் பொருத்தையோ ஐயுற வேண்டும். இரண்டு வட்டுகளிலும் 5, 197 ஆகியவை சுழியாகவே இருந்தன. 199 சற்றே ஏறியிருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னது 12ஆம் எண்தான். வட்டுக்கு எத்தனை முறை மின்சாரம் வந்து போயிற்று என்பதன் கணக்கு அது. எட்டு வட்டுகளும் ஒரே நாளில் ஒரே பெட்டியில் ஏறியவை. எட்டிலும் அந்த எண் ஒன்றாக இருக்க வேண்டும். ஆறு வட்டுகளில் 31 என்றிருந்தது. அந்த இரண்டில் மட்டும் ஐம்பதைத் தாண்டியிருந்தது. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவை இரண்டும் பலமுறை மின்சாரம் இழந்து மீண்டிருக்கின்றன.

ஐயத்தை உறுதிசெய்ய ஓர் எளிய சோதனை செய்தார்கள். சர்வரை நிறுத்தி, தடுமாறிய இரண்டு வட்டுகளை நல்ல வட்டுகள் இருந்த இடத்துக்கும், நல்ல வட்டுகள் இரண்டை அவற்றின் இடத்துக்கும் மாற்றினார்கள். வட்டு எந்தத் துளையில் இருந்தாலும் அதன்மேல் எழுதப்பட்ட அடையாளத்தைக் கொண்டு இசட்.எஃப்.எஸ். அதை அறிந்துகொள்ளும். ஆகையால் இந்த இடமாற்றத்தால் தீங்கில்லை. மீண்டும் சரிபார்ப்பைத் தொடங்கியபோது, இதுவரை நன்றாக இருந்த வட்டுகள் தடுமாறின. பழுதானவை எனக் கருதப்பட்டவை அமைதியாக ஓடின. கோளாறு வட்டோடு போகவில்லை. இடத்தோடு தங்கிவிட்டது.

அந்த இடத்தில் இருந்தது ஒரு ஸ்ப்ளிட்டர். பழைய எஸ்.எம்.பி.எஸ்.-இல் வட்டுகளுக்கான மின்முனைகள் போதவில்லை என்பதால், ஒரு முனையை நான்காகப் பிரிக்கும் மலிவான கம்பி அங்கே பொருத்தப்பட்டிருந்தது. சாட்டா மின்முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று ஊசிகள் உண்டு. ஓர் ஊசி 1.5 ஆம்பியர் தாங்கும். ஆக, மொத்தம் 4.5 ஆம்பியர். நின்றிருக்கும் வன்வட்டு சுழலத் தொடங்கும் நொடிகளில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். நான்கு வட்டுகள் ஒன்றாகத் தொடங்கினால் 8 ஆம்பியர். ஒவ்வொரு முறை இயக்கியபோதும் அந்த முனை தன் அளவுக்கு மேல் சுமந்திருக்கிறது. ஊசிகள் சூடேறி, பிளாஸ்டிக் பழுப்பேறி, தொடுகை தளர்ந்திருக்கிறது. மாதாந்தரச் சரிபார்ப்பில் எல்லா வட்டுகளும் ஓயாமல் வேலை செய்யும்போது, கம்பியின் கடைசியில் இருந்த இரண்டுக்கும் மின்னழுத்தம் போதாமற்போயிற்று.

தீர்வு எளிது. எட்டு வட்டுகளுக்கும் நேரடி முனைகள் கொண்ட புதிய எஸ்.எம்.பி.எஸ். ஒன்று. வட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலத் தொடங்குமாறு கட்டுப்பாட்டு அட்டையில் ஓர் அமைப்பு. செலவு இரண்டு புது வட்டுகளின் விலையைவிடக் குறைவு. எட்டு வட்டுகளும் அவைகளே இன்றும் ஓடுகின்றன.

ஆனால் அந்தப் பழுப்பேறிய முனை விரிவுரையாளருக்குச் சொன்ன செய்தி வேறு. எந்த இரண்டு வட்டுகள் செத்தாலும் சேமிப்பகம் பிழைக்கும் என்ற கணக்கு, வட்டுகள் தனித்தனியே சாகும் என்று எண்ணிப் போட்டது. அவை ஒரே கம்பியில் தொங்கினால் அந்தக் கணக்கு பலிக்காது. கம்பியைப் பிரித்தாலும் எட்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. பெட்டி ஒரே அறையில், அறை ஒரே கூரையின் கீழ். மின்னல், தீ, திருட்டு, கைதவறிக் கொடுத்த ஓர் அழிப்பு ஆணை, இவற்றில் எதுவும் வட்டுகளை எண்ணிப் பார்க்காது. எட்டு வட்டுகள் இருந்தும், உண்மையில் இருந்தது ஒரு படிதான்.

தமிழர்கள் இதற்குக் கொடுத்த விலை பெரிது. 1981 மே 31ஆம் நாள் இரவு தீ வைக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் இருந்தன. அச்சேறிய நூல்கள் பலவற்றை வேறிடங்களிலிருந்து மீண்டும் தேடிச் சேர்க்க முடிந்தது. வேறெங்கும் படி இல்லாதவை போனது போனதுதான். 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத் திட்டம் இன்றுவரை செய்துவருவது, ஈழத்து எழுத்தை ஒரே கட்டடத்தின் விதியிலிருந்து விடுவிக்கும் பணி.

இதற்கு எதிர்மறையான சான்று பெங்களூருக்கு அருகிலேயே இருக்கிறது. அயோத்திதாசர் 1907இல் சென்னையிலிருந்து தொடங்கி, 1914இல் மறையும்வரை நடத்திய ‘தமிழன்’ வார இதழ், பிற்காலத்தில் கோலார் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. அதன் பழைய இதழ்கள் தனிமனிதர்களின் வீடுகளில் பாதுகாக்கப்பட்டிருந்தன. அதனால்தான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவர முடிந்தது. ஒரு சிந்தனையாளர் ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் தமிழ்ப் படிப்புலகுக்குத் திரும்பினார். அந்த வீடுகளில் ஈட்டுக் கணக்கு இல்லை. சரிபார்ப்பு எண் இல்லை. பல இடங்களில் பலர் வைத்திருந்தார்கள் என்பதே பாதுகாப்பாக அமைந்தது.

இப்போது விரிவுரையாளரின் தொகுப்புக்கு மூன்று படிகள் உண்டு. ஒன்று மாடியறையில். ஒன்று, அந்த இரண்டு நாட்களில் நிரப்பிய வெளிவட்டு. அது தம்பி மகன் வீட்டில் இருக்கிறது. மூன்றாவது தங்கவயலில், இராபர்ட்சன்பேட்டையில் உள்ள உறவினர் வீட்டுப் பீரோவில். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, கண்டோன்மென்ட் நிலையத்தில் மாரிக்குப்பம் ரயிலேறி, பஞ்சு வைத்துக் கட்டிய பெட்டியில் புதுப்பித்த வட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பழையதை எடுத்து வருகிறார். கடிதங்கள் பிறர் கண்ணில் படலாகாது என்பதால் வெளியே செல்லும் வட்டுகள் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டவை.

பூட்டு வந்ததும் புதிய ஐயம் பிறந்தது. தமக்குப் பின் அதை யார் திறப்பது? கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில், எந்த வட்டு எது, எப்படி இணைப்பது, எந்த ஆணையைத் தட்டுவது என்று தமிழில் வரிசையாக எழுதினார். கடவுச்சொல்லைத் தனித்தாளில் எழுதி உறையிலிட்டார். பிறகு தம்பி மகனைத் தங்கவயலுக்கு அனுப்பி, நோட்டின் நகலை மட்டும் கையில் கொடுத்து, 1930களின் அஞ்சலட்டை ஒன்றைத் திறந்து காட்டச் சொன்னார். தொலைபேசியில் எதுவும் கேட்கக் கூடாது என்பது நிபந்தனை.

நான்காம் படியில் அவர் நின்றுவிட்டார். கணினியில் முதலில் நிறுவ வேண்டிய ஒரு மென்பொருளின் பெயர் நோட்டில் விடுபட்டிருந்தது. எழுதியவருக்கு அது சொல்லத் தேவையில்லாத அளவுக்குப் பழகிப்போன ஒன்று. திரும்பி வந்து அவர் அதைச் சொன்னதும், விரிவுரையாளர் மூன்றாம் வரிக்கும் நான்காம் வரிக்கும் இடையில் பேனாவால் ஒரு வரியைச் சேர்த்தார். அடுத்த முறை தம்பி மகனுக்குப் பதிலாக, கணினி அதிகம் தெரியாத அவருடைய மனைவி போவதாக ஏற்பாடு.