மாடிப்படி எந்தப் பக்கம்?

சென்னையில் மனையை கிரவுண்டில் சொல்வார்கள், ஹைதராபாதில் கஜத்தில். 200 கஜம் என்றால் 1,800 சதுர அடி. வங்கிக் கடனை நம்பி வீடு கட்டும் நடுத்தரக் குடும்பங்களுக்குப் பழகிப்போன கணக்கு இது. சமையலறைக்கு அக்னி மூலை, பூஜைக்கு ஈசான்யம் என்று எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கியாகிவிடும். சண்டை ஆரம்பிப்பது மாடிப்படியில்.

பத்தடி உயரம் ஏற, படி ஒவ்வொன்றும் 7 அங்குலம் என்றால் 17 படிகள் வேண்டும். 6 அங்குலம் என்றால் 20. பாதியில் திரும்பி ஏறும் படிக்கட்டு எப்படியும் 80 சதுர அடியை விழுங்கிவிடும். ஒரு சின்ன அறை போன மாதிரிதான்.

செகந்திராபாத் பத்மாராவ் நகரில் இரண்டு தலைமுறையாக வாடகைக்கு இருந்த ஒரு தமிழ்க் குடும்பம், புறநகரில் வாங்கிய மனையில் இந்த 80 சதுர அடிக்காக இரண்டு மாதம் வாதாடியது. படி வெளியில் இருந்தால் மாடியை வாடகைக்கு விடலாம், கடன் தவணைக்கு உதவும் என்றார் குடும்பத் தலைவர். பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்கும் அதுவே சரி. திரும்பி வந்தால் தனி வாசல். படி கூடத்துக்குள் இருந்தால்தான் ஒரே வீடு, இல்லையென்றால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வீடு என்றார் மனைவி. வாஸ்துக்காரர் தன் பங்குக்கு ஈசான்யத்தில் கூடாது, மேற்கில் வரட்டும், எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். 78 வயது பாட்டியை மட்டும் யாரும் கேட்கவில்லை. மாடி ஏறாதவருக்குப் படி எங்கிருந்தால் என்ன?

வரைபடம் எல்லோருக்கும் ஒரே மாதிரி பேசுவதில்லை. இதற்கு ஹைதராபாதிலேயே ஒரு பழைய கதை உண்டு. நிஜாம் அரசவையில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஜேம்ஸ் அக்கிலீஸ் கிர்க்பேட்ரிக், மாளிகை கட்ட நிலம் கேட்டுப் பெரிய தாளில் வரைபடம் அனுப்பினாராம். நிஜாம் மறுத்துவிட்டார். அத்தனை பெரிய தாளில் அவர் பார்த்ததெல்லாம் தம் ராஜ்யத்தின் படத்தைத்தான். அதையே சின்ன அட்டையில் வரைந்து அனுப்பியதும் நிலம் கிடைத்தது என்கிறார்கள்.

மூசி நதியின் வடகரையில், கோட்டி பகுதியில் எழுந்த அந்த மாளிகை இன்று பெண்கள் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. முகப்பில் அகன்ற கற்படிகள். உள்ளே இரண்டாகப் பிரிந்து ஏறும் பிரமாண்டமான மாடிப்படி. பார்க்க வருகிறவர்களை அசத்துவதற்கென்றே அமைந்தவை. ஆனால் அவர் மனைவி கைருன்னிசா பர்தாவில் இருந்தவர். அந்தப்புரம் பின்புறத்தில், தனியாக. முன்பக்கம் வந்து மாளிகையைப் பார்க்க முடியாத அவருக்காகத்தான், பின்னால் தோட்டத்தில் அதன் சிறிய மாதிரி வடிவம் கட்டப்பட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1805இல் குழந்தைகள் இருவரும் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். அதே ஆண்டு கிர்க்பேட்ரிக் கல்கத்தாவில் இறந்தார். ஒரு குடும்பமாக அந்தப் படிகளில் ஏறி இறங்க அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பத்மாராவ் நகர்க் குடும்பத்துக்கு உதவியது கோலமாவு. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி தாளில் இருந்ததை அப்படியே மனையில் முழு அளவில் கோடு போட்டார். மாமியாரைக் கைபிடித்து நடக்கச் சொன்னார்.

பாட்டி தன் அறையிலிருந்து குளியலறைக்கு நடந்தார். குறுக்கே படியின் அடிப்பக்கம் வந்தது. "ராத்திரியில் இங்கேதான் விழுவேன்" என்றார். என்ஜினீயர் குனிந்து பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். "மாடிக்கு நான் போகப் போறதில்லை. ஏறுகிறவங்க என் முகத்தைப் பார்த்துட்டு ஏறினா போதும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அதன் பிறகு வரைபடம் ஒரே வாரத்தில் முடிந்தது. படி மேற்குச் சுவரை ஒட்டி நகர்ந்தது. குளியலறைப் பாதை விட்டுப்போயிற்று. படிகள் 21. உயரம் 6 அங்குலத்துக்கும் குறைவு. இடம் சற்று அதிகம் பிடித்தாலும், வாஸ்துக்கும் முழங்காலுக்கும் ஒரே எண் பொருந்தியது. படி தொடங்கும் இடத்தில் சின்னதாக ஒரு நடை. அதற்கு இரண்டு கதவு. ஒன்று தெருப்பக்கம், இன்னொன்று பாட்டியின் கட்டில் தெரியும் கூடத்துக்கு. வாடகைக்காரர் இருந்தால் கூடத்துக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். மகன் வந்தால் திறந்து வைக்கலாம்.

தச்சர் வந்தபோது ஒரு கேள்வி பாக்கியிருந்தது: அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்? தலைவர் மகனுக்குப் போன் போட்டார். அதற்குள் பாட்டி சொல்லிவிட்டார்: "நம்ம பக்கமே இருக்கட்டும். திறக்க வேண்டியது நாமதானே."