கல்விக்கடனும் வட்டி மானியமும்

மகளின் பி.இ. படிப்புக்குக் கல்விக்கடன் விண்ணப்பித்திருக்கிறோம். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் வேண்டாம் என்பது பலருக்குத் தெரியும். வட்டி மானியம் பற்றித்தான் தெரிவதில்லை.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்வித் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அல்லது என்பிஏ (NBA) அமைப்பின் அங்கீகாரம் பெற்ற இடத்தில் தொழிற்படிப்பு படித்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்கும் ஏறும் வட்டியை மத்திய அரசே ஏற்கிறது. பி.இ.க்கு ஐந்து வருட வட்டி! கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு அது சின்னத் தொகையா? அதன்பிறகு அசலும் வட்டியும் நம் பொறுப்பு. படிப்பைப் பாதியில் விட்டாலோ, மருத்துவக் காரணம் இருந்தாலொழிய, மானியம் கிடையாது.

கடன் கிடைத்ததும் நிம்மதியாக வந்துவிடாதீர்கள். தாசில்தார் தரும் வருமானச் சான்றைக் கொடுத்து, மானியத்துக்கும் பதிந்தார்களா என்று வங்கியில் கட்டாயம் கேளுங்கள்.